இரும்பு என்று எழுதிய பாட்டில்

2008ஆம் வருடம் அக்டோபரில், வேலூரை ஒட்டிய ஒரு கல்லூரி ஆய்வகத்தில், எட்டு மாதமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வேதிவினை திடீரென்று படுத்துவிட்டது. மாறியிருந்தது ஒரே ஒரு பொருள்தான்: ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு இருந்த பாட்டில். பழையது தீர்ந்துபோய்ப் புதியது வந்திருந்தது. புதியது பழையதைவிட எவ்வளவோ சுத்தம். சிக்கலே அங்கேதான் இருந்தது என்பது எங்களுக்குப் புரிய மாதக்கணக்கில் ஆனது.

வினையை ஓட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவன் நான். என் வழிகாட்டிதான் இந்தக் கதையின் மையத்தில் இருப்பவர். பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் மேடம் என்றே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மலிவான, தீங்கு குறைந்த உலோகங்களை வினையூக்கியாக, அதாவது தான் செலவாகாமல் வினையை ஓட்டிவிடும் பொருளாக, பயன்படுத்துவதில்தான் அவருடைய முப்பது வருட உழைப்பும் போனது. அந்த முப்பது வருடத்தையும் இந்த ஒரு பாட்டில் வழியாகப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னணி

மேடம் பேர்ணாம்பட்டு பக்கம். அப்பா டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தொழிலாளி. தாத்தா காலத்தில் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். எழுபதுகளில், அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் குறைத்து முழுதாக முடித்த தோலை ஏற்றுமதி செய்யச் சொல்லி அரசுக் கொள்கை வந்த பிறகு, இந்தப் பக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறை வேகமாகப் பரவியது. வாரக்கணக்கில் நடந்த வேலை மர டிரம்முக்குள் ஒரு நாளில் முடிந்தது. தோல் வெளிறிய நீலத்தில் வெளியே வரும். அதற்கு வெட் ப்ளூ என்று பெயர்.

வேதியியல் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே மேடம் கற்ற முதல் பாடம் அப்பா சொன்னது. "பச்சையா நீலமா கீற வரைக்கும் பரவாயில்லமா. தண்ணி மஞ்சளா ஊறிச்சுனா கிட்ட போவாத." அந்த மனிதர் ஆக்சிஜனேற்ற நிலை என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் சொன்னது பெரும்பாலும் சரி. தோலைப் பதனிடும் மூன்று நிலைக் குரோமியம் நீலமும் பச்சையும் கலந்தது. அதே குரோமியம் ஆறு நிலைக்குப் போனால் குரோமேட். மஞ்சள் நிறம், நீரில் கரையும், புற்றுநோய் தரும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், நீலமாக ஓடியதும் பாலாற்றுக்கு நல்லது செய்யவில்லை.

ராணிப்பேட்டையில் அந்த மஞ்சள் நிஜமாகவே ஊறியது. எழுபதுகளில் தொடங்கித் தொண்ணூறுகளில் மூடிய ஒரு குரோமேட் தொழிற்சாலை, லட்சம் டன்னுக்கு மேல் கழிவை அப்படியே விட்டுப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றது நம் ஊர் டேனரிகளால்தான். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்றால் இந்த வழக்கு.

2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் ராணிப்பேட்டை இருந்தது. அதே பட்டியலில் ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரமும் இருந்தது. நோரில்ஸ்க் என்றால் நிக்கல், அதோடு பல்லேடியம். மேடம் அந்தப் பட்டியலை அச்சடித்து, நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு பெயருக்கும் அடிக்கோடு போட்டிருந்தார். ஒன்று அப்பா தொட்ட உலோகத்தின் ஊர், இன்னொன்று அவர் பி.எச்டி.க்குத் தொட்ட உலோகத்தின் ஊர்.

பீரோவில் பல்லேடியம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் அவர் செய்த பி.எச்டி. முழுக்கப் பல்லேடியம். அப்போது கரிம வேதியியலில் நல்ல வேலை என்றால் அதுதான். இரண்டு கார்பன் அணுக்களைச் சொன்ன இடத்தில் சொன்னபடி ஒட்டவைக்கும் கலையை மிசொரோகி, ஹெக், நெகிஷி, சுசூகி ஆகியோர் எழுபதுகளில் உருவாக்கியிருந்தார்கள். ஹெக், நெகிஷி, சுசூகி மூவருக்கும் 2010இல் நோபல் கிடைத்தது. மிசொரோகி அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

வேலூர்ப் பக்கம் ஆசிரியராக வந்து சேர்ந்ததும் நிலைமை வேறு. பல்லேடியம் அசிடேட் அரை கிராம் பாட்டில்தான் வாங்க முடியும். அதைத் துறைத் தலைவர் தன் இரும்பு பீரோவில் பூட்டிவைப்பார். தேவைப்படும்போது கையெழுத்துப் போட்டு வாங்கி, எடைபோட்டு, திருப்பித் தர வேண்டும். அடகுக் கடையில் நகை மீட்பது மாதிரி இருக்கும் என்பார் மேடம். மலிவு உலோகத்தின் பக்கம் அவர் திரும்பியதற்குப் பூமியைக் காப்பாற்றும் எண்ணம் முதல் காரணமில்லை. பீரோச் சாவிதான் முதல் காரணம். பின்னால் மானிய விண்ணப்பங்களில் நிலைத்த வளர்ச்சி என்று அழகாக எழுதினோம். அது வேறு கதை.

இரும்பு பூமியின் மேலோட்டில் எடைக்கு ஏறக்குறைய 5 சதவீதம். பல்லேடியம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மருந்துப் பொருளில் எஞ்சும் உலோகத்துக்குப் பின்னால் 2014இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில், வாய்வழி மருந்துக்குப் பல்லேடியத்தின் வரம்பு நாளைக்கு 100 மைக்ரோகிராம், செம்புக்கு 3,000. இரும்புக்கு வரம்பே வைக்கவில்லை. மலிவு, தாராளம், தீங்கு குறைவு எல்லாம் சேர்ந்துதான் அன்றைக்கு இரும்பு மோகம். மிசொரோகி பல்லேடிய வேலையை வெளியிட்ட அதே 1971இல், ஜே கோச்சி என்ற அமெரிக்கர் இரும்பை வைத்துக் கார்பன் இணைப்பு செய்து காட்டியிருந்தார். முப்பது வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2000க்குப் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் இரும்பு இரும்பு என்று ஓட ஆரம்பித்தார்கள். நாங்களும் ஓடினோம்.

நிகழ்வு

2007 கடைசியில் ஜெர்மனியின் கார்ஸ்டன் போல்ம் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அயோடோபென்சீன் போன்ற ஒரு பொருளோடு நைட்ரஜன் உள்ள வளையச் சேர்மத்தை இணைக்கப் பல்லேடியம் வேண்டாம், ஃபெரிக் குளோரைடு போதும் என்றது. துணைக்கு ஒரு சின்ன டைஅமீன் லிகண்ட் (உலோகத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேலைக்கு உதவும் மூலக்கூறு), பொட்டாசியம் பாஸ்பேட், டொலுவின், 135 டிகிரி. டொலுவின் கொதிப்பதே 110 டிகிரி சுமாரில், அதனால் மூடிய குழாயில்தான் செய்ய வேண்டும். எங்கள் வசதிக்குள் அடங்குகிற வேலை. வேறு சில வளையச் சேர்மங்களுக்கு அதை விரிவாக்குவது என்று முடிவானது.

ஸ்டோர் ரூமில் 98 சதவீதத் தூய்மை என்று போட்ட ஒரு பழைய ஃபெரிக் குளோரைடு பாட்டில் இருந்தது. அதில் போட்டோம். முதல் வாரமே 80 சதவீதத்துக்கு மேல் விளைச்சல். எட்டு மாதத்தில் இருபது சேர்மங்களுக்கு மேல் சேர்ந்தன. கட்டுரை முக்கால்வாசி எழுதியாயிற்று. அப்போது ஒரு சிறு மானியம் வர, மேடம் பெருமையாக 99.99 சதவீதத் தூய்மையில் ஒரு பாட்டில் வாங்கினார். நல்ல பத்திரிகைக்கு அனுப்பும்போது நல்ல சரக்கில் செய்ததாக இருக்கட்டும் என்று.

புதுப் பாட்டிலில் போட்ட வினையில் விளைச்சல் 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது. மறுபடி போட்டேன், அதேதான்.

முதல் சந்தேகம் என் மேல். இதை மனக்குறையாகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் மனக்குறைதான். காற்றுப் படாமல் வைத்தாயா, குழாயைக் காயவைத்தாயா, ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டாயா என்று தினம் ஒரு கேள்வி. ஃபெரிக் குளோரைடு ஈரத்தை இழுக்கும். கரும்பச்சையாக இருக்க வேண்டியது ஈரம் பட்டால் பழுப்பு மஞ்சளாகும். ஐப்பசி மழை நேரம் வேறு. அதனால் ஈரம்தான் காரணம் என்று இரண்டு மாதம் போயிற்று. ஆர்கான் சிலிண்டரை மாற்றினோம். எண்ணெய்த் தொட்டியின் வெப்பமானியை மாற்றினோம். பாஸ்பேட்டை அரைத்துப் போட்டோம், அரைக்காமல் போட்டோம். கடைசியில் என்னையும் மாற்றினார்கள். ஒரு ஜூனியர் செய்து பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி.

பொங்கல் முடிந்து வந்த வாரம், குப்பைக்குப் போகாமல் அலமாரி மூலையில் கிடந்த பழைய பாட்டிலின் அடியைச் சுரண்டி எடுத்தேன். கட்டியாகி, ஈரம் பிடித்து, எந்த வேதியியலாளரும் தொடக்கூடாத நிலையில் இருந்தது. ஒரு குழாய்க்குத் தேறியது. மறுநாள் காலையில் பார்த்தால் விளைச்சல் பழையபடி.

மேடம் நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி: "98ன்னா மீதி ரெண்டு யாரு?"

விசாரணை

இரண்டு பாட்டிலிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்னையில் ஒரு கருவி மையத்துக்கு, எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஐசிபி சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரத் தாமதமானது. அதற்குள் மேடம் தாளில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஃபெரிக் குளோரைடில் கூடவே வரக்கூடிய உலோகம் எது? இந்த வினையை இரும்பு இல்லாமலேயே செய்யத் தெரிந்த உலோகம் எது? இரண்டுக்கும் பொதுவான விடை செம்பு. அரைல் அயோடைடோடு (அயோடோபென்சீன் வகை) நைட்ரஜனை இணைக்கச் செம்பைப் பயன்படுத்துவது புதிதே அல்ல. உல்மன், கோல்ட்பர்க் என்று நூறு வருடத்துக்கு முந்தைய சமாசாரம். அதைவிட முக்கியம், அந்த வேலையில் செம்புக்கு டைஅமீன் லிகண்ட் பெரிய கைகொடுக்கும் என்று அமெரிக்க வேதியியலாளர் ஸ்டீபன் பக்வால்டின் குழு 2001இலேயே காட்டியிருந்தது. இரும்புக்குத் துணை என்று நாங்கள் போட்ட டைஅமீன், உண்மையில் செம்பின் சிநேகிதன்.

இதை நாங்கள் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். மேடமும் அப்படித்தான் சொல்வார். ஆனால் வினை ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. நின்றால்தான் கேட்கிறோம்.

அடுத்து வைத்தது எளிய சோதனை. ஒரு குழாயில் சுத்தமான ஃபெரிக் குளோரைடோடு துளியிலும் துளி செம்பு ஆக்சைடு. இன்னொன்றில் இரும்பே இல்லை, அந்தத் துளிச் செம்பும் டைஅமீனும் மட்டும். இரண்டும் ஓடின.

எங்கள் நோட்டில் உலோகம் சேர்க்காத ஒப்பீட்டுச் சோதனை இருந்தது. ஃபெரிக் குளோரைடு போடாமல் செய்தால் விளைச்சல் பூஜ்யம். அதைத்தான் இரும்புக்குச் சாட்சி என்று எட்டு மாதம் நம்பியிருந்தோம். அந்தச் சோதனை சொன்னது பாட்டில் வேண்டும் என்பதை மட்டும்தான். பாட்டிலுக்குள் இருக்கும் எது வேண்டும் என்பதை அது சொல்லவே இல்லை. ஆய்வகத்தில் நான் கற்ற பாடங்களில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

2009இல் பக்வால்டும் போல்மும் சேர்ந்தே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபெரிக் குளோரைடின் தூய்மைக்கும் அது வந்த இடத்துக்கும் ஏற்ப விளைச்சல் மாறுகிறது, மிகச் சுத்தமானதில் வினை ஏறக்குறைய நின்றுவிடுகிறது, பத்து லட்சத்தில் ஐந்து பத்து பங்கு அளவுக்குச் செம்பு ஆக்சைடு சேர்த்தால் திரும்பி வருகிறது என்று. பத்து லட்சத்தில் ஐந்து என்றால் ஒரு டன் அரிசியில் ஐந்து கிராம் உப்பு. தன் கண்டுபிடிப்பைத் தானே கேள்வி கேட்டு, அதையும் தன் பெயர் போட்டே வெளியிட்ட போல்மின் நேர்மையை மேடம் ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்குச் சொல்வார். போல்ம் அதோடு நிற்கவில்லை. அவ்வளவு குறைந்த செம்பே போதும் என்பதை வைத்து அதே வருடம் இன்னொரு வழிமுறையையும் வெளியிட்டார்.

எங்கள் கட்டுரை கிழிபட்டது. என் பி.எச்டி. ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. மேடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. மறுநாள் டிபன் கேரியரில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் தனியாக இல்லை

அந்தக் கோடை முழுக்க மேடம் இதே மாதிரி வழக்குகளைத் தேடித் தேடிப் படித்தார். வேலூர் வெயிலில், மின்வெட்டு நேரத்தில், ஹூட் ஓடாதபோது செய்ய வேறென்ன இருக்கிறது. உலோகமே இல்லாமல் சுசூகி இணைப்பு நடக்கிறது என்று 2003இல் லெட்பீட்டர் என்ற வேதியியலாளர் அறிவித்தார். சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு அளவுக்கு ஒளிந்திருந்த பல்லேடியம்தான் வேலை செய்திருக்கிறது என்று 2005இல் அவரே திருத்தினார். குரோமியம் குளோரைடைக் கொண்டு செய்யும் நொசாகி, ஹியாமா, கிஷி வினை, எந்தக் கம்பெனிக் குரோமியம் என்பதைப் பொறுத்து ஓடியது, ஓடவில்லை. கடைசியில் பார்த்தால் கலப்படமாக இருந்த நிக்கல்தான் காரணம். 1953இல் ஜெர்மனியின் முல்ஹைமில் சீக்லரின் ஆய்வகத்தில் எதிலீன் சங்கிலியாக வளராமல் பியூட்டீனோடு நின்றுபோனது. அதற்கும் கலனில் தங்கியிருந்த நிக்கல் தடயம்தான் காரணம். அதைத் துரத்திப் போனதில்தான் சீக்லர் பாலித்தீன் வினையூக்கியைப் பிடித்தார், 1963இல் நோபல் வாங்கினார்.

எனக்குப் பிடித்தது ஜெர்மன் வேதியியலாளர் மிட்டாஷின் கதை. அமோனியா தயாரிக்க வினையூக்கி தேடி பாஸ்ஃப் கம்பெனியில் அவர் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தார். சுத்தமான இரும்பு சரியாக வேலை செய்யவில்லை. ஸ்வீடனின் கெல்லிவாரே சுரங்கத்து மேக்னடைட் அபாரமாக வேலை செய்தது. அதிலிருந்த அலுமினா, பொட்டாசியம் போன்ற மாசுகள்தான் காரணம் என்று பிடித்து, அவற்றை வேண்டுமென்றே சேர்த்தார். இன்றைக்கு நம் வயலுக்கு வரும் யூரியாவின் பின்னால் நிற்பது அந்தக் கலப்பட இரும்பின் பரம்பரை.

அதற்குப் பிறகு

இரும்பைத் தேடிப் போன மேடம் செம்பில் வந்து நின்றார். அடுத்த பத்து வருடம் அவர் செய்தது பெரும்பாலும் ஒரே வேலை: எவ்வளவு குறைந்த செம்பில் வினை ஓடும், ஓடிய பின் அதை எப்படித் திருப்பி எடுப்பது. பெரிய பத்திரிகைகளுக்கு இதில் கிளர்ச்சி இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை செய்யும் பழைய மாணவர்கள்தான் ஆர்வமாகக் கேட்பார்கள்.

நடுவில் ஹைட்ரஜன் கைமாற்று வினைகளிலும் கொஞ்ச காலம் இருந்தார். ஆல்கஹாலிடமிருந்து உலோகம் ஹைட்ரஜனைக் கடனாக வாங்கும், ஆல்கஹால் ஆல்டிஹைடாக மாறி அமீனோடு சேரும், பிறகு உலோகம் கடனைத் திருப்பித் தரும், மிச்சம் தண்ணீர் மட்டும். வட்டியில்லாக் கைமாற்றுத்தான். முதலில் ருத்தேனியம், இரிடியம் என்று விலை கூடிய உலோகங்களில் வளர்ந்த துறை. 2014இல் பெரிங்கா, பார்ட்டா குழு இரும்பில் செய்து காட்டியது. 2016இல் பெல்லரும் மில்ஸ்டீனும் மாங்கனீசைக் கொண்டுவந்தார்கள். மேடத்துக்கு ஆசைதான். ஆனால் அந்த மாங்கனீசு வினையூக்கிகள் பலவற்றிலும் லிகண்ட் பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் சேர்மம். காற்றுப் படாத கண்ணாடிப் பெட்டி வேண்டும், லிகண்டின் விலை உலோகத்தைவிடப் பல மடங்கு. மாங்கனீசு மலிவு என்று சொல்லிவிட்டு லிகண்டுக்குச் சொத்தை விற்பதா என்பார். இரும்பு வினையூக்கிக்கோ தொடக்கப்பொருள் இரும்பு பென்டாகார்பனைல். அது ஆவியாகும், தீப்பிடிக்கும், கடும் விஷம். எங்கள் ஹூட்டின் இழுவையை நம்பி அதைத் திறக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்த முடிவால் இரண்டு மூன்று நல்ல கட்டுரைகள் எங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கும். என் கணக்கில் அது அவருடைய மிகச் சரியான முடிவு.

மறுத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவை வினையூக்கியாக மாற்றலாம், மானியம் சுலபமாகக் கிடைக்கும் என்று ஒருவர் திட்டம் கொண்டுவந்தார். குப்பையிலிருந்து செல்வம் என்ற தலைப்பெல்லாம் தயார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு வேண்டியது மில்லிகிராம் சார். அங்க கிடக்கிறது லட்சம் டன். நான் நூறு வருஷம் வேலை செஞ்சாலும் ஒரு லாரி குறையாது." குரோமியமும் மலிவுதான், பூமியில் தாராளமாகக் கிடைப்பதுதான், இரும்புக்கும் மாங்கனீசுக்கும் பக்கத்து வீட்டுக்காரன்தான் என்று அவர் வகுப்பில் அடிக்கடி நினைவூட்டுவார். 2016இல் எகொரோவா, அனானிகோவ் என்ற ரஷ்ய வேதியியலாளர்கள் பல உலோக உப்புகளின் நச்சுத்தன்மையை ஒப்பிட்டு, மலிவு உலோகம் நல்லது, விலை கூடிய உலோகம் கெட்டது என்ற பாகுபாடு நிற்காது, எந்தச் சேர்மம் என்று பார்க்க வேண்டும் என்று எழுதியபோது, அதை அப்பாவுக்கு அனுப்ப முடியவில்லையே என்றார். அப்பா அப்போது இல்லை.

மேடம் ஓய்வு பெற்று காந்தி நகரில் இருக்கிறார். நான் இப்போது அதே துறையில் பாடம் எடுக்கிறேன். கலக்கிக் காந்தக் குச்சியின் கீறலில்கூட உலோகம் தங்கி வினையை ஓட்டும் என்று அனானிகோவ் குழு 2019இல் காட்டிய பிறகு, குச்சிகளை, தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான ராஜ திராவகத்தில் ஊறவைத்தே எடுக்கிறோம்; முக்கியமான வினைக்குப் புதுக் குச்சி. புது வினை எதுவாக இருந்தாலும், குறைந்தது மூன்று கம்பெனி உப்பில் செய்து பார்த்த பிறகுதான் நோட்டில் உலோகத்தின் பெயரை எழுதலாம். ஒரே ரசாயனத்தை எதற்கு மூன்று இடத்தில் வாங்குகிறீர்கள் என்று தணிக்கைக்காரர்கள் வருடா வருடம் கேட்கிறார்கள். மேடம் எழுதிக் கொடுத்த அதே பதிலைத்தான் வருடா வருடம் தேதி மாற்றிக் கொடுக்கிறோம்.